மணிமேகலையை எங்கே விட்டார்கள்?

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற விடுமுறையில் அப்பாவுடன் இருந்து 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகங்களையும் பார்த்தேன். நான் நாவலை வாசித்ததில்லை. எனக்குப் படம் பிடித்திருந்தது. அப்பாவோ இரண்டாம் பாகம் முடியுமுன்பே எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். "மணிமேகலையை எங்கே விட்டவங்கள்? கதையைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்று மட்டும் அன்றிரவு சொன்னார். எங்கள் வீட்டில் இருந்த ஐந்து பாகங்களும் 2009 இல் இடம்பெயர்ந்தபோது போய்விட்டன. அதற்குப் பிறகு அவர் அந்நாவலை வாசிக்கவில்லை; ஆனாலும் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லுவார். அடுத்த வாரம் 'ஆடுஜீவிதம்' பார்த்தோம். அதைக் கடைசிவரை பேசாமல் பார்த்தார். அந்த நாவலை அவர் வாசித்ததில்லை. வாசித்திருந்தால் அதையும் ஏசியிருப்பாரோ? நாவலை வாசித்தவர்களுக்குப் படம் பிடிக்காமற் போவது வாசிப்பினால் வரும் பெருமையா, அல்லது படங்களில் உண்மையாகவே ஏதோ தவறிப்போகிறதா?

இப்படிக்கு,
உங்கள் வாசகி

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முற்றத்துக்கு எழுந்து போன உங்கள் அப்பாவின் பக்கத்திலேயே என் மனம் நிற்கிறது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். அவருடைய கவலை நியாயமானது. ஆனால், நாவலில் வருகிற கடம்பூர்ச் சம்புவரையரின் மகள் மணிமேகலை படத்தில் இல்லாமற் போனதுதான் அந்தக் கவலைக்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. மணிமேகலை இருந்திருந்தாலும் அவர் எழுந்துதான் போயிருப்பார்.

கல்கி அந்நாவலை 1950 இல் தொடங்கி 1954 வரை தன் 'கல்கி' இதழில் வாரந்தோறும் எழுதினார். மூன்றரை ஆண்டுகள் ஒரு கதைக்காக மக்கள் கிழமைக்குக் கிழமை காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை மனதில் வைத்தே அவர் ஒவ்வோர் அத்தியாயத்தையும் கட்டினார். பின்னாளில் அதே இதழில் அது மறுபடியும் தொடராக வந்தபோது வட்டக்கச்சியில் இருந்த என் மாமா பக்கங்களைக் கழற்றியெடுத்து, சாக்குத் தைக்கிற ஊசியாலும் சணல் நூலாலும் தைத்து, பழைய கலண்டர் மட்டையில் அட்டை போட்டு வைத்திருந்தார். எழுபதுகளில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின்னர் அந்தக் கட்டு வீடு வீடாகப் போய்வந்தது. என் முறை வரும்போது சில பக்கங்களில் மஞ்சட்கறை இருக்கும், சிலவற்றில் விளக்கெண்ணெய் ஊறியிருக்கும். எனக்கு முன்னர் அதை வாசித்தவர் எந்த இடத்தில் அடுப்பை மறந்தார் என்று அந்தக் கறைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அதன் முதல் அத்தியாயத்தை உங்கள் அப்பா கட்டாயம் உங்களுக்குச் சொல்லியிருப்பார். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் கதைநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அவனுக்கு அவசரமான காரியம் இருக்கிறது. இருந்தும், ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களை எண்ணிக்கொண்டு, பாயும் வெள்ளத்தையும் கரையிற் கூடியிருக்கும் சனத்தையும் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் வருகிறான். கணவாய் என்றால் நமக்குக் கடலிற் பிடிபடுவது. பன்னிரண்டு வயதில் அந்தச் சொல்லில் நான் இடறி நின்றபோது மாமா என்னை இரணைமடுக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போய், துருசால் தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்குமிடத்தைக் காட்டி, "இதுதான் அவன் எண்ணினது" என்றார். சோழநாட்டை நான் அறிந்துகொண்டது அந்தத் துருசின் இரைச்சலில்தான். குளமும் கட்டும் வாய்க்காலுமாக வாழ்கிற வன்னி மனிதர் ஒருவருக்கு அந்த அத்தியாயம் அந்நிய நாட்டுக் கதையாக இருப்பதில்லை. தன் கமத்துக்குத் தண்ணீர் வருகிற வழியைத்தான் அவர் அதில் வாசிக்கிறார்.

மணிரத்னத்தின் படம் இராட்டிரகூடருடனான போரோடு தொடங்குகிறது. திரையரங்கில் அமர்ந்திருப்பவரை முதல் பத்து நிமிடத்திற் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதன் தேவை எனக்கு விளங்குகிறது. ஐந்து பாகங்களை ஐந்தரை மணித்தியாலத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் குதிரை ஓடித்தான் ஆகவேண்டும். இரவி வர்மனின் ஒளிப்பதிவும் ரகுமானின் இசையும் அந்த ஓட்டத்துக்கு அழகு சேர்க்கின்றன. 2022 இல் வந்த முதற் பாகத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது பொருத்தமே. ஆனால் அந்நாவலின் உயிர் அதன் சுணக்கத்தில் இருக்கிறது. வந்தியத்தேவன் வழியிற் காண்கிற எவரோடும் வாய்கொடுக்கிறான், வீண் சண்டை பிடிக்கிறான், தூங்கிப்போகிறான், கேட்கக் கூடாததை ஒளிந்திருந்து கேட்கிறான். கதை நகராத அந்த இடங்களிலேதான் நாம் அவனோடு சிநேகிதமாகிறோம். கார்த்தி அந்தக் குறும்பை முகத்தில் நன்றாகவே கொண்டுவருகிறார். என்றாலும், அவருக்கு வீணடிக்கப் படத்தில் நேரமே கொடுக்கப்படவில்லை. உங்கள் அப்பா தேடியது இந்தச் சுணக்கத்தைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது மணிமேகலை என்ற பெயர் அவர் வாயில் வந்திருக்கிறது.

எனக்கும் இதில் ஒரு சொந்தக் குறை உண்டு. நாவலின் இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றில் வந்தியத்தேவன் மாதோட்டத்தில் சோழப் படையிடம் அகப்பட்டுச் சிறையிருக்கிறான். பிறகு வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியானோடு, சோழ இளவரசர் அருள்மொழிவர்மரைத் தேடி, காட்டுவழியாகத் தம்பள்ளைப் (இன்றைய தம்புள்ளை) பக்கம் நடக்கிறான். மாதோட்டம் என்பது திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த இன்றைய மாந்தைதான். அங்கிருந்து அந்தப் பக்கம் போகிறவர் வன்னிப் பெருநிலத்தின் தென்மேற்கு விளிம்பைத் தொடாமற் போக முடியாது. தமிழின் மிகப் பிரபலமான நாவல் நம்முடைய காட்டுக்குள் நடந்துபோகிற அந்த ஓரிடத்தைப் படத்திற் காணவேண்டுமென்று ஆசைப்பட்டேன். படத்தில் இலங்கைப் பகுதி விரைவாகக் கடந்துபோகிறது. முதற்கட்டப் படப்பிடிப்பு நடந்ததும் தாய்லாந்தில். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு பாலைமரமாவது தெரியாதா என்று நான் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

படம் நாவலைவிட மேலே போன இடமும் உண்டு. உங்கள் அப்பா எழுந்து போகாமல் இருந்திருந்தால் இதை அவரோடு விவாதித்திருப்பேன். கடம்பூர் மாளிகையில் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனும் அவன் முன்பு காதலித்த நந்தினியும் நேருக்கு நேர் நிற்கிற கட்டம் அது. கரிகாலன் எவர் கையால் இறந்தான் என்பதைக் கல்கி கடைசிவரை மூடியே வைத்தார். உடையார்குடிக் கல்வெட்டு இரவிதாசன் முதலானோரின் பெயர்களைச் சொன்னாலும், நாவலுக்குள் அந்தச் சந்தேகம் தீராமலே நிற்கிறது. தொடர்கதைக்கு அந்த மூட்டம் பொருந்தும். படமோ இரண்டு முகங்களை அருகிற் கொண்டுவந்து, சாவைத் தானே கேட்டு வந்தவனாகக் கரிகாலனைக் காட்டுகிறது. விக்ரமின் கண்ணில் அந்தக் களைப்புத் தெரிகிறது. ஐந்து பாகங்களிலும் எனக்கு எட்டாமலிருந்த அந்த மனிதன் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கினான். பூத்தொண்டு செய்கிற சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியத்தைப் படம் விட்டுவிட்டது என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதிற் கவலை இல்லை.

'அசுரன்' பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஏனெனில் அங்கே இதற்கு நேர்மாறானது நடந்தது. பூமணியின் 'வெக்கை' சின்ன நாவல். கொலை செய்துவிட்ட ஒரு பையனும் அவன் தகப்பனும் கரிசற்காட்டில் மறைந்து திரிகிறார்கள். எங்கே படுப்பது, எதைத் தின்பது, யாரை நம்புவது என்பதே அதன் பெரும்பகுதி. காட்டுக்குள் மறைந்திருந்த அனுபவம் உள்ள எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு அதைக் கொடுத்தேன். ஒரே இரவில் வாசித்துவிட்டு, "எழுதினவர் படுத்துப் பார்த்திருக்கிறார்" என்றார். வெற்றிமாறன் 2019 இல் அதைப் படமாக்கியபோது மகனிடமிருந்து கதையைத் தகப்பனிடம் மாற்றி, நாவலில் இல்லாத பெரியதோர் இளமைக்காலத்தை அவருக்குக் கொடுத்தார். புதிதாகச் சேர்க்கப்பட்ட அந்தப் பகுதி உரத்த குரலில் இருந்தாலும், நிலத்தைப் பற்றிய கோபத்தில் அது நாவலோடு ஒட்டி நிற்கிறது. இவ்வளவு மாற்றியும் நான் அதை மன்னித்ததற்குக் காரணம், தனுஷ் பிள்ளையைப் பின்னால் விட்டுத் தான் முன்னே நடக்கும் நடையில் 'வெக்கை'யின் தகப்பனை நான் கண்டதுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பென்யாமின் 2008 இல் எழுதிய 'ஆடுஜீவிதம்' தமிழிலும் கிடைக்கிறது. பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் அடைபட்ட நஜீப் தன் வாயாலேயே கதை சொல்கிறான். வந்த புதிதில், காலைக்கடன் கழித்துவிட்டுத் தண்ணீர் எடுத்ததற்காக அடி வாங்குகிறான். அந்தத் தண்ணீர் ஆடுகளுக்குரியது. பின்னர் ஆடுகளுக்கு ஊரில் உள்ளவர்களின் பெயர்களை வைத்து அவற்றோடு பேசுகிறான். தனிமையை அவன் தின்று சீரணிக்கிற விதம் அது. பிளெசியின் படம் அந்தப் பேச்சை நம்பவில்லை, உடலை நம்பியது. தப்பியோடுவதற்கு முன்னர் நஜீப் தொட்டியடியில் உடுப்பைக் கழற்றிக் குளிக்கிற காட்சியில், பிருத்விராஜின் முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. நாவல் பல அத்தியாயங்களிற் சொன்ன ஆண்டுக்கணக்கை அந்த முதுகு ஒரு பார்வையிற் சொல்லிவிடுகிறது.

அந்தக் காட்சியை எங்கள் வீட்டில், ஆறு ஆண்டுகள் அரபு நாட்டில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த அயலவர் ஒருவரோடு இருந்து பார்த்தேன். அவர் எலும்பைப் பார்க்கவில்லை. மேலிலிருந்து வழிந்து மண்ணில் விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவையும் ஊத்துறான், இனி இவன் இங்கை நிக்கமாட்டான்" என்றார். வசனம் எதுவும் இல்லாமலே, தப்பிப்போகப் போகிறான் என்பது அவருக்கு அந்தத் தண்ணீரிலேயே தெரிந்துவிட்டது. நாவலை வாசித்த எனக்கு அது தோன்றவில்லை. ஆகவே உங்கள் அப்பா அந்த நாவலை வாசித்திருந்தாலும் படத்தை ஏசியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆடுகளின் பெயர்களை மட்டும் கேட்டிருப்பார்.

வாசித்தவர்களின் பெருமை என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. உங்கள் அப்பாவின் நிலை வேறு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் புத்தகம் கையில் இல்லாமல், ஞாபகத்தில் மட்டும் அதை வைத்துக் காப்பாற்றி வந்தவர் அவர். அந்த ஞாபகத்தின் மேல் வேறு முகங்களும் வேறு வரிசையும் வந்து படியும்போது, தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே பிரதியும் அழிகிறது என்று அவர் பதறியிருக்கலாம்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. இணையத்தில் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) தளத்தில் ஐந்து பாகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் தொலைபேசியிலேயே வாசிக்கத் தொடங்கலாம். முதலில் 'சுழற்காற்'றில் மாதோட்டம் வருகிற அத்தியாயங்களை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவன் நடந்த வழி இன்றைக்கு எந்த றோட்டு என்று அவரிடம் கேளுங்கள். அவர் நிச்சயமாக ஒரு பதில் வைத்திருப்பார், அதை எனக்கும் எழுதுங்கள். மணிமேகலை அதிகம் வருவது நான்காம் பாகமான 'மணி மகுட'த்தில். அந்தப் பாகம் மட்டும் என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. அடுத்த மாதம் மாங்குளம் வழியாக வருகிறேன். நாளைச் சொன்னால் சந்தியில் வைத்து அப்பாவிடம் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்.