கிராஃப்ட்வெர்க்கின் முதல் ஆல்பம்: புதுத் தட்டு வாங்கலாமா?

கேள்வி: ஜெர்மன் இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க்கின் முதல் ஆல்பம் (1970) ஓர் இணையக் கடையில் புத்தம் புதிய ஆரஞ்சு நிற வினைலாகக் கிடைக்கிறது. "ரீமாஸ்டர், 180 கிராம், அதிகாரபூர்வ வெளியீடு" என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அவர்களின் பிந்தைய ஆல்பமான "ஆட்டோபான்" என்றால் உயிர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எழுபதுகளுக்குப் பிறகு இந்த ஆல்பத்தை அவர்கள் மறுபடி வெளியிடவே இல்லை, சிடியாகக்கூட. 2009இல் அவர்களுடைய ஆல்பங்களைத் தொகுத்து வந்த "தி கேட்டலாக்" பெட்டியே 1974இன் ஆட்டோபானில் இருந்துதான் தொடங்குகிறது. ஆக, புதுசு என்று எது வந்தாலும் அது அனுமதியில்லாமல் அடித்தது.

அசல் ஜெர்மன் தட்டு பிலிப்ஸ் வெளியீடு, எண் 6305 058. வெள்ளை அட்டையில் ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சாலைக் கூம்பு, அதன் மேல் குழுவின் பெயர். அட்டையை விரித்தால் உள்ளே பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதி எடுத்த மின்மாற்றிப் படம். விற்பவரிடம் தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளையும், பாட்டு முடிந்து லேபிள் வரை வரும் வெறும் பகுதியையும் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அங்கே எண் பொறித்திருக்கும். அட்டையில் பார்கோடு இருந்தால் பேச்சே வேண்டாம், 1970இல் ரெக்கார்டு அட்டைகளில் பார்கோடு கிடையாது. இன்னொரு வழியும் உண்டு: எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனில் வெர்டிகோ என்ற ரெக்கார்டு நிறுவனம் இதையும் இரண்டாவது ஆல்பத்தையும் சேர்த்து இரட்டைத் தட்டாகப் போட்டது, அதுவும் அசல்தான்.

ஆனால் காசு போடும் முன் ஒருமுறை முழுசாகக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் ஆட்டோபானை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இதில் பாட்டுக் குரலே இல்லை. புல்லாங்குழல், ஆர்கன், டிரம்ஸ், நடுநடுவே வயலின். முதல் தடமான "ருக்ஸுக்" தொடங்கும்போது குழுவின் ஃப்ளோரியன் ஷ்னைடர் குழலை இழுத்து ஊதாமல் வெட்டி வெட்டி ஊதுவார், மூச்சுக்காற்றே தாளமாகிவிடும். கடைசித் தடத்தின் பெயர் "ஃபோம் ஹிம்மெல் ஹோக்", மேலே வானத்திலிருந்து என்று தொடங்கும் பழைய கிறிஸ்துமஸ் பாடலின் தலைப்பு அது. ஆனால் காதில் விழுவது உயரத்திலிருந்து சரிந்து இறங்கும் ஒலிகள், குண்டு விழுவதைப் போல. போர் முடிந்த கையோடு பிறந்த ஜெர்மன் பிள்ளைகள் வாசித்தது என்று நினைத்துக் கேட்டால் வயிற்றைப் பிசையும். எனக்கு இந்த ஆல்பத்தின் உச்சம் அதுதான்.

ஒருவேளை ஆர்டர் போட்டுவிட்டீர்கள் என்றால் "அதிகாரபூர்வ வெளியீடு" என்ற அந்த வரியை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பணத்தைத் திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம், பிறகு அந்தப் பக்கத்தையே மாற்றிவிட வாய்ப்பிருக்கிறது.