காணி உறுதியைப் பெட்டியிலேயே வையுங்கள்

அன்புள்ள அம்மா,

உவர்மலையிலிருந்து மகளையும் காணி உறுதியையும் கொண்டு நீங்கள் வந்த அன்று, உங்கள் கலக்கத்தைக் கண்டு ஆறுதலாகவே பேசினேன். இன்று அது போதாது. உயர்தர உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதாத பிள்ளையை, கனடாவிலுள்ள பெரியப்பா வற்புறுத்துகிறார் என்பதற்காக, வளவை ஈடு வைத்து வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்புவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். பட்டத்தோடு திரும்பினாலும் இங்கு பதிவு பெற இலங்கை மருத்துவ சபையின் தேர்வில் சித்தியடைய வேண்டும். அதுவரை வட்டி காத்திருக்காது, அதைக் கட்டப்போவது பெரியப்பாவும் அல்ல.

மற்றப் படிப்புகளைப் பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும். நான் அன்று கண்டதைச் சொல்கிறேன். எங்கள் அலுவலக விசைப்பலகையின் கீழே ஒட்டியிருந்த கடவுச்சொல் துண்டைப் பார்த்த உங்கள் மகள், "மூண்டு பேரும் ஒரே கணக்கிலயா சேர் போறீங்க? ஒரு ஃபைல் அழிஞ்சா ஆர் அழிச்சதெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியே ஒரு தொழில்: ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்குள் யார், எந்த அனுமதியோடு நுழையலாம் என்பதை நிர்வகிப்பது. வங்கியிலோ வைத்தியசாலையிலோ புதிதாகச் சேர்ந்தவருக்குக் கணக்குத் திறப்பதும், பிரிவு மாறியவரின் பழைய அனுமதிகளை நீக்குவதும், விலகியவரின் கணக்கை அன்று மாலையே மூடுவதும், கடவுச்சொல்லோடு கைபேசிக்குறியீட்டையும் கேட்கும்படி அமைப்பதும் இதில் அடங்கும். இதற்குப் பல நிறுவனங்கள் எல்லோரின் கணக்குகளையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸின் அக்டிவ் டிரெக்டரியைப் பாவிக்கின்றன. அதன் அடியில் இயங்கும் கெர்பரோஸ், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான முறை. கடவுச்சொல்லை ஒவ்வொரு சேவையிடமும் கொடுக்காமல், ஒருமுறை சரிபார்த்தபின் காலவரையறையுள்ள சீட்டொன்றை அது வழங்குகிறது. வழமையான அமைப்பில் இரு கணினிகளின் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் நுழைவு மறுக்கப்படும் என்று நான் சொன்னதும், "ஆரும் களவெடுத்த சீட்டைப் பிறகு பாவிக்காமலிருக்கவா?" என்றாள். சொல்லிக் கொடுக்காமலே காரணத்தைப் பிடித்த பிள்ளை அவள்.

செலவையும் பாருங்கள். லினக்ஸ் இயங்குதளமும், அதில் இதே கணக்கு நிர்வாகத்தைச் செய்யும் ஃப்ரீஐபிஏ மென்பொருளும் இலவசம். 8 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியொன்றில் மென்பொருளால் அதற்குள்ளேயே இயங்கும் இரண்டு மெய்நிகர் கணினிகளை அமைத்து வீட்டிலேயே பழகலாம். கூடவே வலையமைப்புக்கான என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) பயிற்சியொன்றில் சேரட்டும், ஆங்கில வாசிப்பை நாளாந்தம் வளர்க்கட்டும். முதல் வேலை, மறந்துபோன கடவுச்சொற்களை மாற்றிக் கொடுப்பதாகவே இருக்கக்கூடும். அதைச் சிறுமையென்று யாரும் சொல்ல விடாதீர்கள். "நான்தான் மனேஜர், அவசரம்" என்று தொலைபேசியில் அதட்டுபவரையும் அடையாளம் உறுதிப்படுத்தாமல் உள்ளே விடாத திடம் அதற்கு வேண்டும்.

வருகிற சனிக்கிழமை மகளை மட்டும் அனுப்புங்கள். எங்கள் மூவருக்கும் தனித்தனிக் கணக்குகளை அவளைக் கொண்டே திறக்க இருக்கிறேன். பெரியப்பா கேட்டால் என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.