மலைச் சைக்கிள்: முதல் மாதம் மைதானத்திலேயே

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். நன்கொடையாக வந்த கியர் சைக்கிள்கள் எட்டு இருக்கின்றன. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மலைச் சைக்கிள் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள், ஒரே மாதத்தில் ஆறாகிவிட்டது. பிள்ளைகள் நிலைத்து நிற்க என்ன செய்யலாம்?

பதில்: நின்றுபோன பதினான்கு பேரைக் கேட்டால் "படிக்கணும் சார்" என்பார்கள். நம்பாதீர்கள். பெரும்பாலும் காரணம் வரிசையின் கடைசியில் இருக்கும். ஏற்றத்தில் முந்திப் போனவர்கள் மேலே நின்று தண்ணீர் குடித்து, கதையடித்துக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பிள்ளை முகம் சிவந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேரும். உடனே நாம் "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று விசில் ஊதுவோம். ஓய்வு யாருக்கு வேண்டுமோ அந்தப் பிள்ளைக்கு மட்டும் அது கிடைக்காது. நானும் பல வருஷம் இப்படித்தான் ஊதினேன். கடைசியாக வந்த பிள்ளை மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, "போலாம் சார்" என்ற பிறகு கிளம்புங்கள்.

அடுத்த காரணம் பயம். முதல் மாதம் மைதானத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம். பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்களே, கால் ஊன்றாமல் கடைசியாக வருபவர்தான் ஜெயிப்பார். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் தேவைப்படும் சமநிலை முழுக்க அதில் இருக்கிறது. அதில் தேறியதும் இறக்கத்துக்கான நிலையைச் சொல்லிக்கொடுங்கள்: பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், எடை முழுக்கப் பாதத்தில், முழங்கையும் முட்டியும் லேசாக மடங்கி, பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் பல அடி தள்ளி. பிறகு பிரேக். தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, அதைத் தாண்டாமலும் பின்சக்கரம் வழுக்காமலும் நிற்கச் சொல்லுங்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதைத் தொட்டாலே தலைகுப்புற விழுவோம் என்று பிள்ளைகள் பின் பிரேக்கை மட்டும் இறுக்குவார்கள். இரண்டையும் ஒவ்வொரு விரலால் மெல்லப் பிடித்துப் பழகட்டும்.

சைக்கிள் கடையில் டயரைக் கல் மாதிரி அடித்துத் தந்திருப்பார்கள். நாற்பது கிலோப் பிள்ளைக்கு, இரண்டு அங்குல டயரில் 25 முதல் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி துள்ளும், பிள்ளை மிரளும். இறக்கத்துக்கு முன் சீட்டைத் தாழ்த்துங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளை இறக்கத்தில் விட வேண்டாம், அது தார் ரோட்டுக்கானது. ஹெல்மெட் இல்லாதவர் ஏறக்கூடாது, நீங்களும் சேர்த்துத்தான்.

எட்டு சைக்கிளுக்கு இருபது பேர் என்பது குறையில்லை. எட்டுப் பேர் ஓட்டும்போது மற்றவர்கள் பஞ்சர் ஒட்டட்டும், செயின் துடைக்கட்டும், பாதையைப் பார்த்துக்கொள்ளட்டும். அமெரிக்காவில் 2009-இல் தொடங்கிய நைக்கா என்ற பள்ளி மாணவர் மலைச் சைக்கிள் அமைப்பு, திறமை குறைந்த பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைப்பதில்லை, பாதை பராமரிப்பிலும் பிள்ளைகளை இறக்குகிறது. உங்கள் ஊர் மழைக்குப் பாதை பராமரிப்பு இன்னும் பொருந்தும். பின் பிரேக்கை இறுக்கி, சக்கரம் சுழலாமல் இழுபட்ட தடம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும். மழை விட்ட மறுநாள் அந்த இடத்துக்கு நடத்தியே கூட்டிப் போய், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பற்றி நான் பேசியதைவிட அந்தப் பள்ளம் அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

பாதைக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தேயிலைத் தோட்டம் என்றால் உரிமையாளரிடம், காட்டு நிலம் என்றால் வனத்துறையிடம். 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு காட்டுக்குள் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன, எனவே "தெரிஞ்ச ரேஞ்சர்தான்" என்று வாய்வார்த்தையில் விடாதீர்கள். காலை விடிந்தபின் கிளம்பி, மாலை வெளிச்சம் மங்குமுன் திரும்பிவிடுங்கள், காட்டெருமை நடமாடும் நேரம் உங்களுக்கே தெரியும். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர், நடுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

அந்தப் பதினான்கு பேரைத் திரும்பக் கூப்பிடும்போது மலைக்குக் கூப்பிடாதீர்கள். சனிக்கிழமை மைதானத்தில் ஸ்லோ ரேஸ் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.