வழக்குப் போடும் முன் உங்கள் கொள்முதல் பில்லைப் பாருங்கள்

பவானியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று தலைமுறையாகத் தறி ஓட்டும் குடும்பம். பக்கத்து நகரத்துக் கடை ஒன்று, மகாராஷ்டிரத்துச் சோலாப்பூர் விசைத்தறி விரிப்பை 'பவானி ஜமக்காளம்' என்று பாதி விலைக்கு விற்கிறதாம். தட்டிக் கேட்கப் போனவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள். பத்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா என்கிறார். கடிதத்தின் நடுவே ஒரு வரி: "முகூர்த்த மாதங்களில் ஆர்டர் தாங்காது, நாங்களும் கொஞ்சம் வெளியே வாங்கிக் கொடுப்போம்."

அவமானத்தையும் தாத்தா காலத்துப் பெருமையையும் தள்ளி வையுங்கள், வழக்குக்கு அவை உதவாது. ஓர் ஊர்ப் பொருளின் பெயரை மற்றவர்கள் பயன்படுத்தாமல் காக்கும் புவிசார் குறியீட்டுப் (GI) பதிவேட்டில், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக, அதாவது அந்தப் பெயரில் விற்க உரிமை பெற்றவராக, உங்கள் பெயர் இருக்கிறதா? கேள்வி இது ஒன்றுதான். பவானி ஜமக்காளத்துக்குக் குறியீடு இருப்பது வேறு, அதை வைத்து நீங்கள் வழக்காடுவது வேறு. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அந்த உரிமையை, குறியீட்டைத் தன் பெயரில் பதிவு செய்த உரிமையாளருக்கும் பதிவான பயனாளருக்கும்தான் தருகிறது. ஊருக்குக் கிடைத்தது தனக்கும் சேர்த்துத்தான் என்று பல நெசவாளர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் இல்லையென்றால் சென்னைப் பதிவகத்தில் உடனே விண்ணப்பியுங்கள். 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020இல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள்.

சரி, பெயர் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எனக்குப் பயம் "வெளியே வாங்கிக் கொடுப்போம்" என்ற அந்த ஒரு வரியில்தான்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் குழித்தறியைப் பார்க்க வரமாட்டார், கணக்கைத்தான் கேட்பார். நூல் வாங்கிய பில், நெசவுக்கூலி நோட்டு, விற்பனை பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். வைகாசியில் நெய்ததைவிட விற்றது அதிகம் என்றால், மிச்சம் எங்கிருந்து வந்தது? சோலாப்பூர் லாரி ரசீது ஒன்று அகப்பட்டால் போதும், கடையின் விற்பனைக்கு இடைக்காலத் தடை கிடைக்காது. அதோடு போகாது. வெளிச்சரக்கில் உங்கள் 'பவானி' சீட்டைத் தைத்து விற்றிருந்தால் அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு உங்கள் மேலேயே பாயும். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். உங்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் மனுப் போடுவார்கள். அருமையாக நெய்கிற மனிதர்கள், நாலு கட்டு வெளிச்சரக்கால் இப்படி மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

பத்து லட்சத்தையும் மறந்துவிடுங்கள். "தெரியாமல் விற்றேன், தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்" என்று கடைக்காரர் நிரூபித்துவிட்டால், 67ஆம் பிரிவின்படி பெயரளவு நஷ்டஈடுதான்.

அதனால் சமாதானமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு நோட்டீஸ் அனுப்பி, பெயர்ப்பலகை, சீட்டு, இணைய விற்பனைப் பக்கம் எல்லாவற்றிலும் 'பவானி'யை எடுத்துவிடுவதாக எழுதி வாங்குங்கள். "உருப்படிக்கு இவ்வளவு தருகிறேன், பெயரை மட்டும் பயன்படுத்திக்கொள்கிறேன்" என்று கடைக்காரர் இறங்கிவந்தால் சம்மதிக்காதீர்கள். புவிசார் குறியீட்டை உரிமம் கொடுக்கவோ கைமாற்றவோ 24ஆம் பிரிவு விடாது. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் பிறகு உங்களுக்கு எதிரான சாட்சி.

கடை ஒத்துவரவில்லையா, வேறு வழி உண்டு. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப் பட்டியலில் ஜமக்காளம் இருக்கிறது. கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் நெய்வதே குற்றம். கைத்தறித் துறையின் அமலாக்கப் பிரிவுக்குப் புகார் எழுதுங்கள், அதற்குப் பதிவேட்டில் பெயர் வேண்டியதில்லை. ஆனால் சோதனைக்கு வருகிறவர்கள் உங்கள் கிடங்கையும் திறந்து பார்ப்பார்கள். வெளிக்கொள்முதலை இன்றே நிறுத்துங்கள், நோட்டீஸை அப்புறம் அனுப்பலாம்.