மெக்கட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு: பாடங்கள் எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. அடிப்படையை எங்கிருந்து பிடிப்பது?

இந்தக் குழப்பம் நியாயமானதுதான். இயந்திரவியல் ஒரு தாள், மின்சுற்று ஒரு தாள், சென்சார் ஒரு தாள், கட்டுப்பாட்டியல் இன்னொரு தாள் என்று தனித்தனியாகத் தேர்வு எழுதினால் உறவு புரியாது. நான்கும் சந்திக்கும் ஓரிடத்தை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு என்கோடர் (சுழற்சியைத் துடிப்புகளாகத் தரும் சென்சார்) பொருத்திய ஒரே ஒரு டி.சி. கியர் மோட்டார் போதும். 90 டிகிரி என்று கட்டளையிட்டால் அதன் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) அந்த அளவு திரும்பி நிற்க வேண்டும். கையால் தள்ளிவிட்டாலும் அதே இடத்துக்கு வர வேண்டும். ரோபோ கார், ட்ரோன் எல்லாம் இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வாங்க வேண்டியவை: 12 வோல்ட் கியர் மோட்டார் (பல் விகிதம் 30:1, மோட்டார் ஷாஃப்டில் சுற்றுக்கு 11 துடிப்பு தரும் என்கோடர்), அர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை), மோட்டார் டிரைவர் (அதன் சைகைக்கு ஏற்ப மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுற்று), 12 வோல்ட் 5 ஆம்பியர் பவர் சப்ளை, மல்டிமீட்டர். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும்.

புரோகிராம் எழுதும் முன் மோட்டாரை அளந்துவிடுங்கள். பெரும்பாலானோர் தாண்டிப் போவது இதைத்தான். ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நாலைந்து நிலைகளில் மின்தடையைப் பார்த்துச் சராசரி எடுங்கள். 6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தினால் 12/6 = 2 ஆம்பியர் இழுக்கும். சுமையில்லாமல் ஓடும்போது மோட்டார் ஷாஃப்ட் 6000 ஆர்.பி.எம்., அதாவது நொடிக்கு 628 ரேடியன், மின்னோட்டம் 0.1 ஆம்பியர். ஓடும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் 12 − (0.1 × 6) = 11.4 வோல்ட். அதை 628-ஆல் வகுத்தால் 0.018. இந்த எண்ணேதான் ஓர் ஆம்பியருக்கு இத்தனை நியூட்டன் மீட்டர் என்ற முறுக்குவிசை மாறிலியும். மின்சுற்றும் இயந்திரவியலும் கைகுலுக்கும் இடம் இது.

கணக்கு சரியா என்று பார்க்கவும் வழி உண்டு. ஆய்வக சப்ளையில் 6 வோல்ட் வைத்து (6/6 = 1 ஆம்பியர்), கியருக்குப் பிறகுள்ள வெளி ஷாஃப்டில் 10 செ.மீ. நீளக் கை (பட்டை) ஒன்றை மாட்டி, அதன் நுனி தராசை அழுத்தும்படி ஓரிரு நொடி மட்டும் விடுங்கள். 1 ஆம்பியர் × 0.018 × 30 = 0.54 நியூட்டன் மீட்டர். கியர் பாக்ஸில் 30 சதவீதம் வீணாகிறது என்று கொண்டால், தராசு ஏறக்குறைய 385 கிராம் காட்ட வேண்டும். ரொம்பக் குறைவாகக் காட்டினால் கியரில் உராய்வு அதிகம் என்று அர்த்தம்.

டிரைவரையும் இந்த எண்களை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். எல்298என் என்ற டிரைவர் சிப் மலிவு, ஆனால் 1 ஆம்பியரிலேயே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிச் சூடாக மாற்றிவிடும். டிபி6612 என்ற இன்னொரு சிப்பில் இழப்பு குறைவு. ஆனால் தொடர்ந்து தாங்குவது 1.2 ஆம்பியர், கண நேரத்துக்கு 3.2. முழு வேகத்தில் ஓடும் மோட்டாரைச் சட்டென்று எதிர்த்திசைக்கு மாற்றினால் எதிர் மின்னழுத்தமும் சேர்ந்துகொள்ளும்: (12 + 11.4)/6 = 3.9 ஆம்பியர். டிரைவர் சாவதும் அர்டுயினோ தானாக ரீசெட் ஆவதும் பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான். அதனால் திசையைப் படிப்படியாக மாற்றுங்கள். டிரைவருக்குப் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும், மோட்டார் முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் போடுங்கள். அர்டுயினோவுக்குத் தனி சப்ளை கொடுங்கள், ஆனால் கிரவுண்டு இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

என்கோடரின் இரண்டு சைகைகளிலும் ஏற்ற, இறக்க விளிம்புகள் நான்கையும் எண்ணினால், வெளி ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு 11 × 4 × 30 = 1320; ஓர் எண்ணிக்கைக்கு 0.27 டிகிரி. ஊனோவில் 2, 3-ஆம் பின்களின் இன்டரப்டை (நடக்கும் வேலையை இடைநிறுத்தி உடனே கவனிக்கும் வசதி) பயன்படுத்துங்கள். இங்கே ஒரு நயமான பிழை ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணிக்கை 4 பைட். ஊனோ 8 பிட் சிப், ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் படிக்கும். பாதி படிக்கும்போது இன்டரப்ட் வந்தால், எப்போதாவது ஒருமுறை நிலை 256 தாவும். படிக்கும் அந்த ஒரு வரிக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்திவையுங்கள்.

கட்டுப்பாட்டு லூப் சரியாக 5 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓட வேண்டும். கணினிக்கு எழுத்து அனுப்பும் சீரியலில் 9600 வேகத்தில் 20 எழுத்து அனுப்பவே 20 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் அச்சிட்டால் பஃபர் நிரம்பி லூப் சிதையும்; பி.ஐ.டி. (பிழைக்கு ஏற்ப மோட்டாரைச் செலுத்தும் முறை: பி பிழையின் அளவு, ஐ அதன் கூட்டுத்தொகை, டி அது மாறும் வேகம்) எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் சரிவராது. வேகத்தை 115200 ஆக்கி, பத்துச் சுற்றுக்கு ஒருமுறை அச்சிடுங்கள்.

முதலில் பி மட்டும். சில டிகிரி முன்னாலேயே நின்று முனகும். நிலை உராய்வுதான் காரணம். எந்த பி.டபிள்யூ.எம். மதிப்பில் (மோட்டாருக்குத் தரும் சக்தியின் அளவு, 0 முதல் 255) நகரத் தொடங்குகிறது என்று இரு திசையிலும் குறித்து, அதை வெளியீட்டோடு கூட்டுங்கள். மிச்சப் பிழையை ஐ தீர்க்கும். ஆனால் ஷாஃப்டைக் கையால் பிடித்துவைத்து விட்டுப் பாருங்கள்: சேர்ந்துபோன ஐ அதை இலக்கைத் தாண்டி வீசும். வெளியீடு 255-ஐத் தொட்டதும் கூட்டலை நிறுத்த வேண்டும். டி-யைப் பிழையில் எடுக்காமல் அளந்த நிலையில் எடுங்கள். இல்லையென்றால் இலக்கை மாற்றும்போதெல்லாம் உதைக்கும். 5 மில்லிநொடியில் ஓர் எண்ணிக்கை மாறினாலே வேகம் நொடிக்கு 54 டிகிரி என்று தெரியும். அதனால் டி-க்கு முன் ஒரு வடிகட்டி கட்டாயம்.

திரையில் 90 என்று காட்டியும் ஷாஃப்டில் மாட்டிய கை ஆடினால் புரோகிராமைத் தொடாதீர்கள். என்கோடர் மோட்டார் பக்கம் இருக்கிறது, கியர் பற்களின் இடைவெளி அதற்குத் தெரியாது.

இதோடு மின்னழுத்தத்தைச் சட்டென்று கொடுத்து வேகம் ஏறுவதைப் பார்க்கும் ஒரு ஸ்டெப் சோதனையும் செய்யுங்கள். வேகம் இறுதி மதிப்பின் 63.2 சதவீதத்தை எட்டும் நேரத்தை அளந்து, அதை வைத்து மோட்டாரின் கணித மாதிரியை ஆக்டேவ் என்ற கணக்கு மென்பொருளில் ஓட்டி, இரண்டு வளைவுகளையும் ஒரே படத்தில் வரைந்து பாருங்கள். கட்டுப்பாட்டியல் தாளின் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் (உள்ளீட்டையும் வெளியீட்டையும் இணைக்கும் சமன்பாடு) எதற்கு என்பது அந்தப் படத்தில் தெரியும்.

பி.எல்.சி.யும் (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கணினி) நியூமேட்டிக்ஸும் (காற்றழுத்த இயக்கம்) ஆய்வக வகுப்பிலேயே ஓரளவு வந்துவிடும். ஒன்று மட்டும்: சென்சாரில் விளக்கு எரிகிறது, பி.எல்.சி.யில் உள்ளீடு வரவில்லை என்றால் லேடர் புரோகிராமைத் திறக்கும் முன், சென்சார் பி.என்.பி.யா (வெளியீட்டில் 24 வோல்ட் தருவது) என்.பி.என்.னா (வெளியீட்டை 0 வோல்ட்டுக்கு இழுப்பது) என்று பாருங்கள். பி.என்.பி. என்றால் உள்ளீட்டின் பொது முனை 0 வோல்ட்டில் இருக்க வேண்டும், என்.பி.என். என்றால் 24 வோல்ட்டில்.