முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவது சுகப்பிரசவம் ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 27. இப்போது 30 வாரக் கர்ப்பம். மூத்தவனுக்கு 2 வயது 4 மாதம் ஆகிறது. அவனுக்கு வலி எடுத்து, 4 செ.மீ. வரை கர்ப்பப்பை வாய் திறந்த பிறகு, ‘குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது’ என்று சொல்லி சிசேரியன் செய்தார்கள். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்ய ஆசை. எங்கள் ஊர் டாக்டர், ‘முதலாவது சிசேரியன் என்றால் இரண்டாவதும் சிசேரியன்தான், 37 வாரம் முடிந்ததும் தேதி சொல்லுங்கள்’ என்கிறார். மாமியார் ஜோசியரிடம் நல்ல நேரம் கேட்டு வைத்துவிட்டார். பழைய தையல் பிரிந்துவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், முயற்சி செய்யலாம். ஆனால் அதை உறுதியாகச் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு காகிதம் வேண்டும்: உங்கள் முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி. வீட்டில் இல்லையென்றால் அந்த மருத்துவமனைக்கே போய், ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அதில் பார்க்க வேண்டியது கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்பதை. வயிற்றின் மேல்தோலில் தெரியும் தழும்பு படுக்கைவாட்டில் இருப்பதால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அது வேறு, இது வேறு. ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டித் தைத்திருப்பார்கள். அது நல்ல செய்தி. நீளவாக்கில் வெட்டியிருந்தாலோ, குறுக்கு வெட்டை மேல்நோக்கி நீட்ட வேண்டி வந்திருந்தாலோ, வலி எடுப்பதற்கு முன்பே சிசேரியன் செய்துகொள்வதுதான் சரி.

‘ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்’ என்பது 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் சொன்னது. அன்றைக்கு கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக நீளமாக வெட்டினார்கள். அந்தத் தழும்பு பலவீனமானது. வெட்டும் இடமும் முறையும் மாறிப் பல காலம் ஆகிவிட்டது, வாசகம் மட்டும் நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 60 சதவீதத்துக்கும் மேல். அதாவது உங்கள் கேள்வியோடு லட்சக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள்.

முந்தைய சிசேரியனுக்குப் பிறகு முறையாகத் தேர்ந்தெடுத்து முயற்சி செய்பவர்களில், 4 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு சுகப்பிரசவம் ஆகிறது. உங்களுக்குச் சாதகமான விஷயங்களும் இருக்கின்றன. போன முறை தானாக வலி எடுத்து, வாய் திறக்கத் தொடங்கியிருந்தது. துடிப்பு குறைந்தது அந்தப் பிரசவத்தில் நடந்தது. இதிலும் நடந்தே தீரும் என்று இல்லை. ‘முழுதாக வாய் திறந்தும் தலை இறங்கவில்லை’ என்று ஆபரேஷன் செய்திருந்தால் இவ்வளவு தெம்பாகச் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு பிரசவத்துக்கும் இடையே ஒன்றரை வருடத்துக்கு மேல் இருப்பதும் நல்லது. சர்க்கரை, உடல் எடை, குழந்தையின் எடை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். குழந்தை கடைசி வரை தலைகீழாகத் திரும்பாவிட்டால் கணக்கே மாறிவிடும்.

தையல் பயத்துக்கு வருவோம். அது கற்பனை இல்லை. கீழ்ப்பகுதியில் குறுக்குத் தழும்பு உள்ளவருக்குத் தானாக வலி எடுத்தால், தழும்பு பிரிவது சுமார் 200 பேரில் ஒருவருக்கு. மருந்து கொடுத்து வலி வரவழைத்தால் அது இரண்டு மூன்று மடங்கு ஆகிறது. பிரசவ வலி வரவழைக்கக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை உங்களுக்குக் கூடவே கூடாது. பிரியும்போது பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது குழந்தையின் இதயத் துடிப்புதான். அதனால்தான் வலி நேரம் முழுக்க வயிற்றில் பெல்ட் கட்டி, அந்தத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சி.டி.ஜி. பார்க்கிறோம். துடிப்பு சரிந்தால் நிமிடக் கணக்கில் தியேட்டருக்குள் போக வேண்டும்.

இங்கேதான் உங்கள் ஊர் டாக்டர் பக்கமும் நியாயம் இருக்கலாம். சிறிய மருத்துவமனைகளில் மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்துதான் வருவார். ராத்திரி 2 மணிக்குப் போன் போட்டு, அவர் வண்டியை எடுத்து வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ‘முயற்சி வேண்டாம்’ என்பது பொறுப்பான பதில்தான். அதையே ‘எங்கேயும் முடியாது’ என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 24 மணி நேரமும் மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், ரத்த வங்கி மூன்றும் உள்ள இடம் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் இப்போதே பதிவு செய்து, அங்கேயே செக்கப் போங்கள். 36 வாரத்துக்குள் முடிவெடுத்து கேஸ் ஷீட்டில் எழுதிவிடச் சொல்லுங்கள்.

திட்டமிட்ட சிசேரியனும் தப்பான வழி இல்லை. முயற்சி செய்து பாதியில் ஆபரேஷனுக்குப் போவதைவிட, தேதி குறித்துச் செய்வதில் சிக்கல் குறைவு. ஆனால் 37 வாரத்தில் வேண்டாம். வேறு காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் ஆகட்டும். அதற்கு முன் எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் அதிகம் வருகிறது. மாமியாரிடம் சண்டை வேண்டாம், 39 வாரத்துக்குப் பிறகு நல்ல நேரம் பார்த்துத் தரச் சொல்லுங்கள். ஜோசியருக்கு அதில் கஷ்டம் இருக்காது.

மூன்றாவது குழந்தை வேண்டும் என்று நினைத்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு சிசேரியனுக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டி உள்ளே ஊடுருவும் அபாயம் கூடிக்கொண்டே போகும். இப்போதைய ஸ்கேனிலும் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அது கர்ப்பப்பை வாயை மூடியபடி கீழே இருந்தால் சுகப்பிரசவப் பேச்சே இல்லை, பெரிய மருத்துவமனையில்தான் சிசேரியன்.

அப்புறம் ஒன்று. சீக்கிரம் வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிக்க வேண்டாம். வலி எடுத்தால் ‘சூட்டு வலியாக இருக்கும்’ என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கவும் வேண்டாம். முதல் பிரசவத்தில் அது சரி, உங்களுக்குச் சரியில்லை. தண்ணீர் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைந்தாலோ, வலி விட்ட பிறகும் தழும்புப் பக்கம் விடாமல் வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த டிஸ்சார்ஜ் சம்மரி நகலும் கையில் இருக்கட்டும்.