அரபு நாளிதழ்களில் உயிர்க்குறிகளே இல்லையே, எப்படிப் படிக்கிறார்கள்?
அரபியின் 28 எழுத்துகளும் அடிப்படையில் மெய்கள். அ, இ, உ ஆகிய குறில்களைக் காட்ட எழுத்தின் மேலோ கீழோ போடும் சிறு குறிகளுக்கு ஹரகத் என்று பெயர். நாளிதழில் இவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். காரணம், அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்களை வேராகக் கொண்டவை. இடையில் எந்தக் குறில் என்பதை வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும். க், த், ப் மட்டும் எழுதியிருந்தால் 'கதப' (எழுதினான்) என்றும் வாசிக்கலாம், 'குதுப்' (புத்தகங்கள்) என்றும் வாசிக்கலாம். 'வாங்கினேன்' என்பதை அடுத்து வந்தால் சந்தேகமே இல்லை, புத்தகங்கள்தான். நம் ஓலைச்சுவடிகளைப் புள்ளி இல்லாமலே படித்தார்களே, கிட்டத்தட்ட அதே பழக்கம். குர்ஆன் அச்சில் மட்டும் குறிகள் தவறாமல் இருக்கும். அங்கே ஓர் ஒலிகூடப் பிசகக் கூடாது. அப்புறம், அரபியில் உயிரொலிகளையே எழுதுவதில்லை என்று சிலர் சொல்வது தவறு. ஆ, ஈ, ஊ என்ற நெடில்களை அலிஃப், யா, வாவ் என்ற எழுத்துகளால் வழக்கமாக எழுதிவிடுவார்கள்.